ஒன்பது குடம் தண்ணீர் எங்கே போனது?

குழந்தைகளே! சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் மரக்காணத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்னால் வருகிற கடலோர ஊர் அது. ஊரை நெருங்கும்போதே ஜன்னல் வழியாக உப்பளங்கள் தெரியும். கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்ததுபோல் சதுரம் சதுரமாகப் பாத்திகள். வரப்பு ஓரமெல்லாம் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை வெளேர் உப்புக் குவியல்கள்!

இந்த உப்பளத்தை வைத்து உங்களுக்கு ஒரு புதிர் போடப் போகிறேன். கடல்நீரைப் பத்துக் குடம் எடுத்துப் பாத்தியில் விடுகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். உடனே உப்பு வந்துவிடாது. வெயிலில் காய்ந்து காய்ந்து, பத்துக் குடம் ஏறத்தாழ ஒரு குடமாகச் சுருங்கிய பிறகுதான், நாம் சமையலுக்குப் போடுகிற உப்பு படியத் தொடங்கும். அப்படியானால் மீதி ஒன்பது குடம் தண்ணீர் எங்கே போனது?

"ஆவியாகிப் போச்சு சார்!" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. சபாஷ்! பாத்தியின் தரையைத் தொழிலாளர்கள் காலால் மிதித்து மிதித்து இறுக்கமாக்கி வைத்திருப்பார்கள். அதனால் தண்ணீர் கீழே அதிகம் இறங்காது, மேலேதான் போகும்.

இப்போது இரண்டாவது கேள்வி. ஆவியாக மேலே போகிற தண்ணீர், உலகத்தில் உள்ள ஆறுகளுக்கெல்லாம் போதுமா? காவிரி, பாலாறு, கங்கை, நைல், அமேசான் என்று எத்தனை ஆறுகள்! அத்தனையும் இரவு பகலாக ஓடுவதற்கு வேண்டிய தண்ணீர் வெறும் மழையிலிருந்துதான் வருகிறதா? இந்தக் கேள்விதான் ஒரு காலத்தில் பெரிய பெரிய அறிஞர்களை எல்லாம் திணற அடித்தது. விடை தேடிப் போனவர்கள் பூமிக்கு அடியில் ஒரு மாய உலகத்தையே கட்டிவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பாட்டி சொன்ன பாதாள உலகம்

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற ஆசை மனிதனுக்கு எப்போதும் உண்டு. நம் நாட்டுக் கதைகளில் ஈரேழு பதினான்கு உலகம் வரும். மேலே ஏழு, கீழே ஏழு. கீழே இருப்பவற்றில் கடைசி உலகம்தான் பாதாளம். அங்கே நாகர்கள் வாழ்கிறார்கள், அவர்கள் தலையில் உள்ள மணிகளின் ஒளியே அங்கு விளக்கு என்று பாட்டிமார் கதை சொல்வார்கள். கிரேக்க நாட்டுக் கதைகளிலும் பூமிக்கு அடியில் ஓர் உலகம் உண்டு. இறந்தவர்கள் அங்கே போவதாகச் சொல்வார்கள்.

கதை என்றால் கேட்டு ரசிக்கலாம். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சிலர், "கதை வேண்டாம், காரணத்தோடு சொல்லுவோம்" என்று கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் அதனாசியஸ் கிர்ச்சர்.

எரிமலைக்குள் இறங்கிய பாதிரியார்

கிர்ச்சர் ஜெர்மனியில் 1602ஆம் ஆண்டு பிறந்தவர். கிறிஸ்தவப் பாதிரியார். ரோம் நகரில் ஆசிரியராக இருந்தார். அவருக்குத் தெரியாத பாடமே இல்லை என்று ஊரெல்லாம் பேசுவார்கள். 1638இல் அவர் தெற்கு இத்தாலிக்குப் போயிருந்தபோது பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஊர் திரும்பியிருக்கலாம் அல்லவா? அவர் அப்படிச் செய்யவில்லை. வழியில் இருந்த வெசூவியஸ் எரிமலையில் ஏறி, அதன் வாய்க்குள்ளேயே இறங்கிப் பார்த்தார்! உள்ளே நெருப்பும் புகையும் கந்தக நாற்றமும். "இந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது?" என்ற கேள்வி அவர் மனத்தில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது.

பல ஆண்டுகள் யோசித்து, 1665இல் அவர் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 'பாதாள உலகம்' என்பதுதான் அதன் பெயருக்குப் பொருள். அதில் பூமியைக் குறுக்கே வெட்டிக் காட்டும் அழகான படங்கள் இருந்தன. பூமியின் நடுவே ஒரு பெரும் நெருப்பு. அதிலிருந்து நாலா பக்கமும் கிளை கிளையாக நெருப்புக் குழாய்கள். அவை தரையைத் தொடும் இடங்களே எரிமலைகள். இன்னொரு படத்தில் தண்ணீர்க் குழாய்கள். மலைகளுக்குள்ளே பெரிய பெரிய நீர்க்கிடங்குகள். ஆசியாவின் மலைகளுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்துதான் கங்கையும் சிந்துவும் புறப்படுகின்றன என்று நம் ஊர் ஆறுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை!

சரி, அந்தக் கிடங்குகளுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? கடலின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே கடல்நீர் பூமிக்குள் இறங்குகிறது. குழாய்கள் வழியாக மலைகளுக்கு ஏறுகிறது. போகிற வழியில் உப்பு நீங்கி நல்ல தண்ணீராகிறது. மலையில் ஊற்றாகப் பொங்குகிறது. இதுதான் கிர்ச்சரின் விளக்கம். நார்வே நாட்டுக் கடலில் உள்ள பெரிய நீர்ச்சுழியை, கடல்நீர் உள்ளே இறங்கும் வாய் என்றே அவர் நினைத்தார்.

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. எத்தனை ஆறுகள் வந்து விழுந்தாலும் கடல் நிரம்பி வழிவதில்லை. கோடையில் மழையே இல்லாதபோதும் சில ஊற்றுகள் வற்றுவதில்லை. ஆகவே கடலிலிருந்து மலைக்கு ஏதோ ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் அல்லவா? அதுவரை சரி. அந்த வழி கீழே இருக்கிறது என்று அவர் நினைத்தார். அங்கேதான் சறுக்கல். ஏனென்றால், கிர்ச்சர் படம் வரைந்தார். ஆனால் தண்ணீரை அளந்து பார்க்கவில்லை.

மழையை அளந்த அண்ணன்

அளந்து பார்த்தவர் பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர். 'சிண்டரெல்லா' கதை உங்களுக்குத் தெரியும்தானே? கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் வரும் அந்தக் கதையை எழுதிய சார்ல் பெரோவின் அண்ணன்தான் இவர்! தம்பி கதை எழுதினார். அண்ணன் கணக்குப் போட்டார்.

பாரிஸ் நகரம் வழியாக ஓடுவது செய்ன் ஆறு. அந்த ஆறு தொடங்கும் பகுதியை மட்டும் பெரோ எடுத்துக் கொண்டார். அங்கே எவ்வளவு பரப்பில் விழும் மழை ஆற்றுக்கு வந்து சேரும் என்று பார்த்தார். ஓர் ஆண்டில் எவ்வளவு மழை பெய்கிறது என்று பார்த்தார். இரண்டையும் பெருக்கி மொத்த மழைநீரைக் கண்டுபிடித்தார். பிறகு ஆற்றில் ஓர் ஆண்டில் ஓடும் தண்ணீரையும் கணக்கிட்டார். விடை என்ன தெரியுமா? ஆற்றில் ஓடும் நீரைப்போல் ஆறு மடங்கு மழை பெய்திருந்தது! 1674இல் இந்தக் கணக்கு அச்சில் வந்தது. மழை போதாது என்று அதுவரை சொல்லி வந்தவர்களுக்கு, "போதும், போதும், மிச்சமே இருக்கிறது" என்று எண்கள் பதில் சொல்லிவிட்டன.

லண்டனில் ஒரு குட்டி உப்பளம்

இன்னும் பாதிக் கணக்கு பாக்கி இருந்தது. அவ்வளவு மழைக்கு வேண்டிய தண்ணீர் கடலிலிருந்து ஆவியாக மேலே போகிறதா? இதைக் கண்டுபிடித்தவர் எட்மண்ட் ஹாலி. ஆமாம், 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருமே, அந்த ஹாலி வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான்!

அவர் செய்த சோதனையைக் கேட்டால் மரக்காணத்துக்காரர்கள், "அட, இது நம்ம பாத்தியாச்சே!" என்பார்கள். நான்கு அங்குல ஆழமும் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்ட ஒரு வட்டமான பாத்திரத்தை எடுத்தார். அதில் தண்ணீர் ஊற்றி, கடல்நீர் அளவுக்கு உப்பைக் கரைத்தார். தராசின் ஒரு பக்கத்தில் பாத்திரத்தைத் தொங்கவிட்டு, மறுபக்கம் எடைக் கற்களை வைத்துச் சரிசெய்தார். கோடைக்காலக் காற்றின் வெப்பம் வரும்வரை கனலால் தண்ணீரை இலேசாகச் சூடாக்கினார். விரலை விட்டுப் பார்த்தால் சூடே தெரியவில்லை. ஆவி பறப்பதும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் அரை அவுன்ஸ் எடை குறைந்திருந்தது. அரை அவுன்ஸ் என்றால் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர், அவ்வளவுதான்.

ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரை வைத்துக் கொண்டு ஹாலி ஒரு கடலையே அளந்தார்! ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் உள்ள மத்தியதரைக் கடலின் பரப்பு அவருக்குத் தெரியும். சின்னப் பாத்திரத்தில் இவ்வளவு என்றால் அவ்வளவு பெரிய கடலில் எவ்வளவு? ஒரு கோடை நாளில் 528 கோடி டன் தண்ணீர் ஆவியாகும் என்று விடை வந்தது. அந்தக் கடலில் வந்து விழும் பெரிய ஆறுகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் கொண்டு வருவது சுமார் 183 கோடி டன் என்று மதிப்பிட்டார். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுத்தான் அதிகம்! இந்தக் கணக்கு 1687இல் வெளிவந்தது. கடல் ஏன் நிரம்பி வழிவதில்லை என்பதற்கு, அடியில் ஓட்டையே தேவையில்லை. மேலே இருக்கும் சூரியனே போதும்!

ஹாலிக்கு இன்னோர் அனுபவமும் உண்டு. இளைஞராக இருந்தபோது அட்லாண்டிக் கடலின் நடுவில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில், மலைமேல் இருந்து விண்மீன்களைப் பார்த்து வந்தார். இரவில் அவருடைய தொலைநோக்கிக் கண்ணாடியில் பனித்துளி படிந்துகொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது! எரிச்சல் தரும் அந்தத் துளிகள்தான், கடல் ஆவி மலையில் பட்டுக் குளிர்ந்து தண்ணீராகிறது என்பதை அவருக்குக் காட்டின.

இப்போது சொல்லுங்கள். பாத்தியில் காணாமல் போன ஒன்பது குடம் எங்கே? மேலே போய், மேகமாகி, மழையாக விழுந்து, ஆறாக ஓடி வந்துகொண்டிருக்கிறது.

அதே ஹாலி கட்டிய மாய உலகம்

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். அளந்து பார்த்துக் கிர்ச்சரின் தண்ணீர்க் குழாய்களை அடைத்த அதே ஹாலி, 1692இல் தானே ஒரு பாதாள உலகத்தைக் கட்டினார்!

அவரைக் குழப்பியது திசைகாட்டி. காந்த ஊசி சரியாக வடக்கைக் காட்டாது. கொஞ்சம் விலகி நிற்கும். அந்த விலகலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். லண்டனில் 1580இல் ஊசி வடக்கிலிருந்து 11 பாகை கிழக்கே நின்றது. 1692இல் 6 பாகை மேற்கே போயிருந்தது. நடுக்கடலில் கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஊசியை நம்பித்தானே அவர்கள் போக வேண்டும்?

பூமி முழுக்க ஒரே கல்லாக இருந்தால் காந்தம் எப்படி நகரும் என்று ஹாலி யோசித்தார். உள்ளே ஏதோ ஒன்று தனியாகச் சுற்ற வேண்டும். ஆகவே பூமி, வெங்காயம்போல் ஓட்டுக்குள் ஓடாக இருக்கிறது என்றார். நாம் நிற்கும் மேல் ஓடு 500 மைல், அதாவது 800 கிலோமீட்டர் தடிமன். அதற்குள் வெள்ளிக் கோள் அளவில் ஓர் ஓடு. அதற்குள் செவ்வாய் அளவில் இன்னோர் ஓடு. நடுவில் புதன் அளவில் ஓர் உருண்டை. இடையில் எல்லாம் வெற்றிடம். உள்ளே இருப்பவை சற்று வேறு வேகத்தில் சுற்றுவதால் ஊசி மெல்ல மெல்ல நகர்கிறது. அதோடு நிற்கவில்லை. உள்ளே ஏதோ ஓர் ஒளி இருக்கலாம். உயிர்களும் வாழலாம் என்றார்! நம் பாட்டி சொன்ன நாகலோகத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார் பாருங்கள்.

பூமிக்குள் அவ்வளவு வெற்றிடம் இருக்கும் என்று அவர் நம்ப ஒரு காரணம், அவருடைய நண்பர் ஐசக் நியூட்டனின் கணக்கு. நிலா, பூமியைவிட அடர்த்தியானது என்று நியூட்டன் அப்போது கணக்கிட்டிருந்தார். அப்படியென்றால் பூமி உள்ளே காலியாக இருப்பதால்தான் எடை குறைவு என்று ஹாலி நினைத்தார். ஆனால் அந்தக் கணக்கே தவறு. உண்மையில் நிலாவைவிடப் பூமிதான் அடர்த்தி மிகுந்தது. அடித்தளம் சரிந்தால் மாடி நிற்குமா?

ஹாலி கடைசிவரை இந்த எண்ணத்தை விடவில்லை. 80 வயதில் வரையப்பட்ட அவருடைய ஓவியத்தில், கையில் ஒரு தாளைப் பிடித்திருக்கிறார். அதில் இருப்பது வால்நட்சத்திரம் அல்ல; ஓட்டுக்குள் ஓடாகப் பூமியின் படம்!

பூமியை எடை போட்டவர்

ஹாலியின் மாய உலகத்தை உடைத்ததும் ஒரு தராசுதான். 1798இல் ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கில அறிஞர் ஓர் அறைக்குள் கம்பியில் தொங்கும் ஒரு கோலை அமைத்தார். கோலின் இரு முனைகளிலும் சிறிய ஈயக் குண்டுகள். அவற்றுக்கு அருகே 158 கிலோ எடையுள்ள இரண்டு பெரிய ஈயக் குண்டுகள். பெரிய குண்டு சிறிய குண்டை ஈர்க்கும்போது கோல் எவ்வளவு திரும்புகிறது என்று, அறைக்கு வெளியே இருந்தபடி தொலைநோக்கியால் பார்த்தார். உள்ளே போனால் அவர் உடம்புச் சூட்டில் காற்று அசைந்து சோதனை கெட்டுவிடுமே!

அதிலிருந்து பூமியின் சராசரி அடர்த்தி கிடைத்தது. தண்ணீரைப்போல் ஐந்தரை மடங்கு. ஆனால் தரையில் நாம் பார்க்கும் கருங்கல், தண்ணீரைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்குதான் அடர்த்தி. மேலே இருப்பது இலேசு, மொத்தமோ கனம். அப்படியானால் உள்ளே என்ன இருக்க வேண்டும்? காலி இடமா, இல்லை கல்லைவிடக் கனமான ஏதோ ஒன்றா? நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இந்தியா சொன்ன விடை

உள்ளே இருப்பதைக் காட்டிக் கொடுத்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1897 ஜூன் 12ஆம் நாள் ஷில்லாங் பகுதியில் மிகப் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதை ஆராய்ந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். நிலநடுக்கத்தின் அதிர்வலைகள் பூமியைத் துளைத்துக் கொண்டு தொலைதூர நாடுகளுக்கும் போகின்றன. அவற்றில் வேகமாகப் போவது ஒன்று, பின்தங்கி வருவது இன்னொன்று என்று கண்டார். பல நிலநடுக்கப் பதிவுகளை ஒப்பிட்டு, 1906இல் ஓர் உண்மையை வெளியிட்டார். பூமியின் நடுப்பகுதி வழியாக வரும் அலைகள் தாமதமாகின்றன. ஆகவே நடுவில் வேறு பொருளால் ஆன ஒரு கருவம் இருக்கிறது!

தர்பூசணி வாங்கும்போது அப்பா அதைத் தட்டிப் பார்ப்பாரே, அதுபோலத்தான். பூமியை நாம் தட்ட முடியாது, நிலநடுக்கம் தட்டுகிறது. 2004 டிசம்பர் 26இல் சுமத்ரா அருகே நடந்த நிலநடுக்கத்தின் அதிர்வு சில நிமிடங்களில் நம் கரைக்கு வந்துவிட்டது. சுனாமி அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பாறை வழியாக ஓடும் அலைக்கு அவ்வளவு வேகம்.

பிறகு 1936இல் டென்மார்க் நாட்டுப் பெண் விஞ்ஞானி இங்கா லேமன், கருவத்துக்குள்ளே இன்னொரு கருவம் இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்று நமக்குத் தெரிவது இதுதான். சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் வெளிக் கருவம் தொடங்குகிறது. அது உருகிய இரும்பும் நிக்கலும். அதற்குள் திடமான உட்கருவம். உருகிய இரும்பு அசைவதால்தான் பூமிக்குக் காந்தம் உண்டாகிறது. அதனால்தான் ஊசியும் நகர்கிறது. ஹாலியின் வெற்றிடம் பொய். ஆனால் "உள்ளே ஏதோ அசைகிறது" என்றாரே, அது உண்மை!

மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா பகுதியில் இருக்கிறது. 12,262 மீட்டர். பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் கீழே! பூமியை ஒரு மாம்பழம் என்று வைத்துக் கொண்டால், நாம் இன்னும் தோலைக்கூடத் தாண்டவில்லை.

மரக்காணத்தின் அடியில் என்ன?

அவ்வளவு ஆழத்துக்குப் போவானேன்? உப்பளக் கரையில் நின்று ஐம்பது, நூறு அடி கீழே பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத ஓர் உலகம் அங்கேயும் இருக்கிறது. நம் வாழ்வே அதை நம்பி இருக்கிறது.

கடற்கரை ஊர்களில் ஓர் அதிசயத்தைக் கவனித்திருப்பீர்கள். அலை அடிக்கும் இடத்துக்கு அருகே மணலில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் வரும்! கிர்ச்சர் பார்த்திருந்தால், "பார்த்தீர்களா? கடல்நீர் பூமிக்குள் போய் இனிப்பாகிவிட்டது" என்று துள்ளியிருப்பார். ஆனால் அது கடல்நீர் அல்ல, மழைநீர். மணலில் இறங்கிய மழை, அடியில் இருக்கும் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரின் எடை 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். வித்தியாசம் வெறும் 25 கிராம். அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே நிலத்தடியில் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும். 1,000ஐ 25ஆல் வகுத்துப் பாருங்கள், 40 வரும். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் இரு பொறியாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள்.

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறதா? இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மோட்டார் வைத்து இறைத்து இறைத்து நல்ல தண்ணீரின் மட்டத்தை ஒரு மீட்டர் குறைத்துவிட்டால், அடியிலிருந்து உப்பு நீர் காலப்போக்கில் 40 மீட்டர்வரை மேலேறி வரும்! மேலே ஒரு பங்கு எடுத்தால் கீழே நாற்பது பங்கு போகிறது. கிணறு உப்பானபின் அதை மாற்றுவது எளிதல்ல. பல ஆண்டு மழை இறங்க வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மேல் நீர் இறைத்ததால், நிலத்தடியில் கடல்நீர் உள்ளே நுழைந்தது 1960களின் கடைசியிலேயே கண்டறியப்பட்டது. பின்னர் அது பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. நெல் விளைந்த வயலுக்கு உப்பு நீர் வந்தால் உழவர் என்ன செய்வார்? பாத்தியில் உப்பு விளைந்தால் செல்வம். கிணற்றில் உப்பு ஊறினால் துன்பம்!

மரக்காணத்தை ஒட்டிக் கழுவெளி என்னும் பெரிய நீர்ப்பரப்பு இருக்கிறது. ஏரிகளில் நிரம்பி வழியும் மழைநீரும், கழிமுகம் வழியாக வரும் கடல்நீரும் கலக்கும் இடம். பூநாரை உள்ளிட்ட பறவைகள் கூட்டமாக வரும். 2021இல் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளுக்கு மட்டுமல்ல, நிலத்தடி நீருக்கும் இப்படிப்பட்ட ஏரிகளும் சதுப்புகளும் காவல்காரர்கள். மழைநீரைப் பிடித்து நிறுத்தி, மெல்ல மெல்லக் கீழே அனுப்புபவை அவைதான்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு வேண்டும் என்று 2003இல் கட்டாயமாக்கினார்கள். உங்கள் வீட்டில் அந்தக் குழாய் இருக்கிறதா? இலையும் தழையும் அடைத்துக் கிடக்கிறதா? அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக் கொண்டு போய்ப் பாருங்கள். அந்தக் குழாய் வழியே இறங்கும் ஒவ்வொரு குடமும், கீழே இருக்கும் உப்பு நீரைப் பிடித்துத் தள்ளி வைக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரே அளவான இரண்டு தட்டுகள் எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். இதுதான் உங்கள் கடல். இரண்டு தட்டிலும் ஒரே அளவு ஊற்றுங்கள். ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வையுங்கள். ஸ்கேலால் தினமும் தண்ணீரின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். எது முதலில் உப்பாகிறது? மழை பெய்த நாளில் என்ன ஆகிறது? ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்காணத்தில் உப்பு உற்பத்தி ஏன் நின்றுவிடுகிறது என்பது தானே புரியும்.

2. ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதிவரை நல்ல உப்புக் கரைசலை ஊற்றுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மை கலந்து, கரண்டியின் முதுகு வழியாக மெதுவாக, மிக மெதுவாக, அதன்மேல் விடுங்கள். நீலத் தண்ணீர் மேலே தனியாக நிற்கும். இதுதான் கடலோரக் கிணற்றின் இரகசியம். பிறகு உறிஞ்சுகுழலால் மேலே உள்ள நீலத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள் (குடித்துவிடாதீர்கள்!). கடைசியில் குழலுக்குள் எந்தத் தண்ணீர் வருகிறது என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு

கிர்ச்சர் எரிமலைக்குள் இறங்கும் துணிச்சல்காரர். ஹாலி பெரிய அறிவாளி. ஆனாலும் ஹாலி ஒரு பாத்திரம் உப்புத் தண்ணீரைத் தராசில் தொங்கவிட்டுச் சொன்னது நிலைத்தது. அளக்க முடியாத ஆழத்தைப் பற்றிச் சொன்னதில் பாதி உடைந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், "எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்கப் பழகுங்கள். பெரியவர்களிடம் மரியாதையோடு கேட்கலாம், தப்பே இல்லை.

இதோ உங்களுக்கு வீட்டுப்பாடம். ஓர் ஊரில் கடற்கரைக் கிணற்றில் நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேலே இரண்டு மீட்டர் நிற்கிறது. கடல்மட்டத்துக்குக் கீழே எத்தனை மீட்டர்வரை நல்ல தண்ணீர் இருக்கும்? ஊரார் இறைத்து இறைத்து அந்த இரண்டு மீட்டர் அரை மீட்டராகக் குறைந்துவிட்டால், நல்ல தண்ணீர் எத்தனை மீட்டர்வரைதான் மிஞ்சும்? கணக்கைப் போட்டுவிட்டு, வீட்டில் மோட்டார் சுவிட்சைப் போடும் பெரியவர்களிடம் அந்த விடையைக் காட்டுங்கள்!